கைவிறைப்பும் காது முன் நாடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பது, நாற்பது வயதில் ஒரு கை பத்து நிமிடம் விறைத்துத் தானாகவே சரியாகிவிட்டால், மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அதைக் களைப்பு என்றோ கண்ணூறு என்றோ சொல்லி விட்டுவிடுகிறோம். அடுப்பை ஊதும்போது, விம்மி அழும்போது அப்படி வந்தால் மொயாமொயா நோயைக் கட்டாயம் நினைக்க வேண்டும். வேகமாக மூச்சுவிட்டால் குருதியில் காபனீரொட்சைட்டு குறைந்து மூளை நாடிகள் சுருங்கும். ஏற்கெனவே ஒடுங்கிப்போன நாடிக்கு அந்தச் சுருக்கமே போதும்.

மண்டையோட்டுக்குள் உட்கழுத்து நாடி கிளைவிடும் இடம் மெல்ல மெல்ல அடைபடுவதுதான் இந்த நோய். பெரும்பாலும் இரு பக்கமும் அடைபடும். ஈடுகட்ட, மூளையின் அடியில் நூல்போன்ற நாடிகள் பெருகுகின்றன. படத்தில் அவை புகை மண்டியதுபோல் தெரிவதால்தான் இந்த ஜப்பானியப் பெயர். பெரியவர்களில் இந்த நூல் நாடிகள் வெடித்து மூளைக்குள் குருதி கசிவதும் உண்டு. சாதாரண சீ.ரி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். நாடிகளைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம் வேண்டுமா என்று கேளுங்கள்.

அடைப்பை மருந்து கரைக்காது. நாடியை விரித்துவைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்தாலும் நோய் அதே இடத்தை மீண்டும் ஒடுக்கிவிடும். எனவே குருதிக்கு வேறு வழி வெட்டுகிறார்கள். காதுக்கு முன்னால் விரல் வைத்தால் துடிக்கிறதே, உச்சந்தலைத் தோலுக்குப் போகும் அந்த நாடியைப் பிரித்தெடுத்து, மண்டையோட்டில் திறந்த துளைவழியே இறக்கி, மூளையின் மேற்பரப்பில் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் அகலமுள்ள நாடியோடு தைப்பார்கள். நுணுக்குக்காட்டியின் கீழ், தலைமயிரைவிட மெல்லிய 10-0 நைலோன் நூலால் செய்யும் தையல் இது. நாடியையோ தசையையோ மூளைமேல் படுக்கவைத்துவிட்டுப் புதிய நாடிகள் முளைக்கக் காத்திருக்கும் முறையும் இருக்கிறது. அதற்கு மாதங்கள் பிடிக்கும். பிள்ளைகளில் நன்றாகப் பலிக்கும், பெரியவர்களில் நம்பியிருக்க முடியாது. அதனால் பெரியவர்களுக்கு நேரடித் தையலை, அல்லது இரண்டையும் சேர்த்துச் செய்வதையே விரும்புகிறார்கள். மூளையில் ஏற்கெனவே குருதி கசிந்த 80 பெரியவர்களை ஜப்பானில் ஐந்து ஆண்டுகள் கவனித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் கசிவு ஏற்பட்டது சத்திரசிகிச்சை பெற்றவர்களில் 11.9 சதவீதம், பெறாதவர்களில் 31.6 சதவீதம்.

தையல் நன்றாக அமைந்தாலும் முதல் இரண்டு வாரம் கவனம். வருடக்கணக்கில் வாடிய பகுதிக்குத் திடீரென்று குருதி பாய்வதால் தலையிடி, பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு வரலாம். பிரசர் ஏறினால் கசிவு. இறங்கினால் தைக்காத மற்றப் பக்கத்து மூளையில் பாரிசவாதம். ஆகவே பிரசர் குளிசையை வீட்டில் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அஸ்பிரின் தந்திருந்தால், பல் பிடுங்குவதற்காகக்கூடச் சத்திரசிகிச்சை நிபுணரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் உடலில் நீர் வற்றவிடக் கூடாது. வாந்தி, வயிற்றோட்டம் என்றால் அன்றே சேலைன் ஏற்றப் போங்கள். விரதமோ நோன்போ, வைத்தியரைக் கேட்டபிறகே. இறுக்கமான ஹெல்மெட்டும் மூக்குக்கண்ணாடிக் காலும் புது வழியாகிய அந்த நாடியையே அழுத்தும்; அதை வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும்.

சத்திரசிகிச்சை எங்கே நடந்தாலும் நோயாளி திரும்பி வருவது வாழைச்சேனைக்கோ திருக்கோவிலுக்கோதான். கையில் வரும் துண்டோ ஆங்கிலத்தில் இருக்கிறது. எந்தப் பக்கத்து நாடி தைக்கப்பட்டது, பிரசர் எந்த எல்லைக்குள் நிற்க வேண்டும், எந்தக் குளிசையை நிறுத்தக் கூடாது என்ற மூன்று வரிகளைத் தமிழிலும் எழுதிக் கொடுக்குமாறு சுகாதார அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நரம்பியல் சத்திரசிகிச்சை நோயாளரைப் பராமரிக்கும் தாதியர் சிலர்,
மட்டக்களப்பு