50 ரூபா கூட வாங்குங்கள், வாசல் வரை போங்கள்

யாழ்ப்பாணத்தில் கிளை நடத்தும் கூரியர் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

நான் கோண்டாவிலில் வீட்டில் வைத்துக் கறித்தூளும் சரக்குத்தூளும் செய்து விற்கிறேன். உங்களில் மூன்று கொம்பனிகளிடம் மாறி மாறிப் பார்சல் கொடுத்திருக்கிறேன். குறை மூன்றிடமும் ஒன்றுதான் என்பதால் ஒருவரின் பெயரைச் சொல்லாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை என் பார்சல் ஒன்று திரும்பி வந்தது. அந்தப் பெட்டி இப்போதும் மேசையில் இருக்கிறது. ஒரு மூலை நசுங்கி, உள்ளே பை வெடித்து, டேப்பின் ஓரத்தால் தூள் கசிந்திருக்கிறது. அறை முழுக்க வேர்க்கொம்பும் மிளகும் மணக்கின்றன. முகவரிக்கு மேல் ஒரு ஸ்டிக்கர். அதில் நீலப் பேனையால் மூன்று திகதிகள்; ஒவ்வொன்றுக்கும் எதிரே வீட்டில் ஆள் இல்லை, போன் எடுக்கவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. மூன்றும் ஒரே பேனை, ஒரே சரிவு, ஒன்றன் கீழ் ஒன்றாக நேர் வரிசை. மூன்று வேறு நாட்களில், வெயிலில் நின்று, மோட்டார் சைக்கிள் சீற்றில் வைத்து எழுதினால் எழுத்து அப்படி வராது. அது ஒரே இருப்பில் எழுதியது.

அது தீவுப்பக்கம் இருக்கும் வேலணைக்குப் போகவேண்டிய பார்சல். பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கான சரக்குத்தூள். அவருக்குத் தாய் இல்லை. வறுத்து இடித்துக் கொடுக்க வீட்டில் பெரிய ஆட்களும் இல்லை என்று கொழும்பில் இருக்கும் தமையன் என்னிடம் சொல்லி எடுத்தார். பிள்ளை பிறந்த 4 ஆம் நாள் உங்கள் கிளையில் கொடுத்தேன். திரும்பி என் கைக்கு வந்தது 20 ஆம் நாள்.

சரக்குத்தூள் என்றால் என்ன என்று உங்கள் தலைமை அலுவலகத்துக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்கே கிளையில் வேலை செய்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். கொத்தமல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, திப்பிலி எல்லாம் பதமாக வறுத்து இடிப்பது. பிள்ளைப்பேறு முடிந்த பெண்ணுக்குப் பத்தியக் கறி அதில்தான் வைப்பார்கள். பிள்ளை பிறந்து 31 ஆம் நாள் கழியும் வரைக்கும் அவருக்கு அதுதான் சாப்பாடு, அதுதான் மருந்து. அந்த நாட்களுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அதற்குப் பெறுமதி.

பெட்டியைக் கண்டதும் அந்தப் பெண்ணுக்குப் போன் எடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “நான் எங்கை அக்கா போறது? இன்னும் 31 கழியேல்லை, நான் படலையையே தாண்டேல்லை. என்ர போனில ஒரு மிஸ்ட் கோலும் இல்லை. பிள்ளை பிறந்த வீட்டில ஆள் இல்லை எண்டு எப்பிடி எழுதினவை?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களிடம் கேட்கிறேன், எப்படி எழுதினீர்கள்?

அன்று பின்னேரமே புதிதாக ஒரு பொதி கட்டிக் கணவரிடம் கொடுத்தேன். அவர் பண்ணைப் பாலத்தால் போய், வேலணையில் இரண்டு பேரிடம் ஒழுங்கையை விசாரித்து, கொடுத்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். 16 நாட்களாகப் போய்ச் சேராத பொருள் ஒரு பின்னேரத்தில் போய்ச் சேர்ந்தது.

என் கோரிக்கை ஒன்றுதான். 50 ரூபா கூட வாங்குங்கள். வாங்கிவிட்டுப் பார்சலை வாசல் வரை கொண்டுபோங்கள். போகாத வீட்டுக்குப் போனதாக எழுதாதீர்கள்.

விலை குறைவாக இருப்பதன் அருமை தெரியாமல் இதை எழுதவில்லை. 2022 இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போய், பங்கீட்டுக் கியூஆர் காட்டி வரிசையில் நின்று எண்ணெய் அடித்த அந்த வருடத்தில்தான் கணவரின் வேலை போனது. அம்மாவின் உரலும் என் கைப்பக்குவமும்தான் மிச்சம். வீட்டில் இருந்தபடியே வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் தூள் அனுப்ப முடிந்தது உங்கள் விலையால்தான். முதல் கிலோவுக்கு 350 ரூபா. அதுவே 700 ஆக இருந்திருந்தால் அரைக் கிலோ தூளை என்னிடம் ஒருவரும் வாங்கியிருக்க மாட்டார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு.

இதில் என் பிழையும் இருக்கிறது. முன்பு நான் பார்சல் கொடுத்த இடத்தில் 30 ரூபா கூட. ஆனால் அங்கே இருந்த பொடியன் பார்சல் கொடுத்த பிறகு எனக்கு வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புவார். அந்த 30 ரூபாவுக்காக அவர்களை விட்டு வந்தவள் நான். என்னிடம் வாங்குபவர்களும் தூளின் விலையைக் கேட்கும் முன்பே “டெலிவரி ஃப்ரீயா?” என்றுதான் கேட்கிறார்கள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து உங்கள் விலையை அமுக்கினோம். நீங்களும் ஒருவரை ஒருவர் பார்த்து விலையை வெட்டினீர்கள். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. லொறி ரயர், சம்பளம், கட்டட வாடகை எல்லாம் ஏறின. விலை மட்டும் ஏறவில்லை என்று சந்தோசப்பட்டோம். ஏறிய செலவை யார் தலையில் வைத்தீர்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

இப்போது தெரிகிறது. எங்கள் பக்கத்துக்கு டெலிவரி கொண்டுவரும் தம்பியை நிற்பாட்டித் தண்ணீர் கொடுத்துக் கேட்டேன். மோட்டார் சைக்கிள் அவருடையது, பெற்றோல் அவருடையது, போன் காசும் அவருடையது. “பார்சல் குடுத்தாத்தான் அக்கா காசு. ஆளில்லாத வீட்டுக்கு மூண்டு தரம் போனா அந்தப் பெற்றோலுக்கு ஆர் பொறுப்பு?” ஒரு பார்சலுக்கு அவர் கைக்கு வருவது கால் லீற்றர் பெற்றோல் அடிக்கவும் காணாது என்றார். வேலணைக்கு ஒரே ஒரு பார்சலோடு போய் வந்தால் அன்றைக்கு அவருக்கு நட்டம். அதனால்தான் அந்தப் பக்கத்துக்கு நாலைந்து சேரட்டும் என்று கிளையில் வைத்திருக்கிறார்கள். சேராவிட்டால் ஸ்டிக்கரில் திகதி எழுதுகிறார்கள். பொய் எழுதியது பிழைதான். ஆனால் அந்தப் பிழையைச் செய்ய வைத்தது நீங்கள் போட்ட கணக்கு.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரவில் வெளிக்கிட்ட லொறி விடியவே வந்து நிற்கிறது. நூற்றுக்கணக்கான பெட்டிகள் ஒரே லொறியில் வருவதால், அத்தனை தூரத்துக்கும் ஒரு பெட்டிக்கு விழும் செலவு சொற்பம். உண்மையான செலவு கிளைக்கும் வீட்டுப் படலைக்கும் இடையில் இருக்கும் அந்தப் பத்துப் பதினைந்து கிலோமீற்றரில்தான். அங்கே ஒரு பெட்டிக்கு ஒரு ஆள், ஒரு ஓட்டம். நீங்கள் செலவைக் குறைப்பதும் சரியாக அந்த இடத்தில்தான். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 தரைப்பாதை பூட்டுப்பட்டபோது இருந்த சனம் நாங்கள். ஒரு சவர்க்காரக் கட்டிக்கும் கப்பலைப் பார்த்துக் காத்திருந்தோம். அப்போது பாதை இல்லை. இப்போது பாதை இருக்கிறது, பாலம் இருக்கிறது, பெட்டியும் ஊருக்குள் வந்து கிடக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். முறைப்பாட்டுக்கு என்று நீங்கள் தந்த இலக்கத்துக்கு எடுத்தால் சிங்களமும் ஆங்கிலமும்தான் வருகின்றன. தமிழ் தெரிந்தவர் பிறகு எடுப்பார் என்கிறார்கள். எனக்கு ஒருநாளும் ஒருவரும் எடுத்ததில்லை. தமிழும் ஆட்சிமொழி என்று 1987 இல் அரசியலமைப்பிலேயே எழுதியாகிவிட்டது. நீங்கள் தனியார்தான், சட்டம் உங்களைக் கட்டாமல் இருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் கிளை திறந்து தமிழ்ச் சனத்திடம் காசு வாங்குகிறீர்கள். அவர்கள் முறைப்பாட்டைத் தமிழில் கேட்க ஒரு ஆளை வைக்கக்கூடாதா? முகவரியும் அப்படித்தான். எங்கள் ஊர்களில் பல வீடுகளுக்கு இலக்கம் இல்லை. பிள்ளையார் கோயிலடி, வாசிகசாலைக்குப் பின் ஒழுங்கை, மஞ்சள் மதில் வீடு. தபாற்காரருக்கு அது போதும், பெயரைப் பார்த்தே வீட்டுக்கு வருவார். உங்கள் ஸ்டிக்கரில் அந்த வரிகள் பாதியில் வெட்டுப்பட்டு, ஊர்ப் பெயரும் போன் இலக்கமும் மட்டும் வருகின்றன. பிறகு வீடு கண்டுபிடிக்க முடியவில்லை என்று பெட்டி திரும்புகிறது. தீவுப்பகுதி என்றால் இன்னும் மோசம். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகு ஏறவேண்டும், அதன் சிரமம் விளங்குகிறது. வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் தார் ரோட்டாலேயே போகலாமே!

மன்னிக்கவேண்டும், கோபம் என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன்.

குறைந்த விலையை நிற்பாட்டச் சொல்லவில்லை. அதை நம்பிப் பிழைக்கும் என்னைப் போன்ற பெண்கள் இங்கே நிறையப் பேர். அந்த 350 ரூபா அப்படியே இருக்கட்டும். அதற்கு எத்தனை நாள் ஆகும், எந்தெந்த ஊருக்கு வாசல் வரை வராது என்பதைப் பெட்டியை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். ஒடியல் அனுப்புகிறவருக்கு ஒரு கிழமை பிந்தினாலும் பரவாயில்லை. அதோடு 400 ரூபாவுக்கு இன்னொன்று வையுங்கள். அந்தப் பெட்டிக்குத் தமிழில் போன் எடுக்கவேண்டும். உண்மையாகவே இரண்டு தரம் போகவேண்டும். முடியாவிட்டால் அனுப்பியவருக்கு அன்றைக்கே சொல்லவேண்டும். கூட வாங்கும் 50 ரூபாவில் பெரும்பங்கு அந்த மோட்டார் சைக்கிள்காரத் தம்பிக்குப் போகவேண்டும். ஆளில்லாத வீட்டுக்குப் போய் வந்ததற்கும் அவருக்கு ஏதாவது கொடுங்கள். அப்போது அவருக்குப் பொய் எழுதவேண்டிய தேவை வராது. தூர ஊர்களுக்கு 50 காணாது என்றால் எவ்வளவு வேண்டும் என்று சொல்லுங்கள். வாங்குபவரிடம் விளங்கப்படுத்துவது என் பொறுப்பு.

திரும்பி வந்த பெட்டிக்கும் என்னிடம் கூலி கழித்திருக்கிறீர்கள். அந்தக் காசைத் திருப்பித் தரச் சொல்லி நான் எழுதவில்லை. வேலணைக்குப் போன் எடுத்து அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள். அவரின் இலக்கம் உங்கள் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது.

நாளைக்கும் உங்கள் கிளைக்கு 11 பெட்டிகள் கொண்டு வருவேன். அதில் ஒன்று காரைநகருக்கு, அதுவும் சரக்குத்தூள்தான். பிள்ளை பிறந்து 6 நாள். 50 ரூபாவைத் தனியாகக் கையில் கொண்டு வருகிறேன். வாங்கிக்கொண்டு, தயவுசெய்து அந்த வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோண்டாவிலிலிருந்து தூள் அனுப்பும் ஒருத்தி