103 ஜெயித்தும் வெளியே

அன்புள்ள முரளி,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை, வீட்டில் பெயிண்ட் வேலை, கூடவே சின்னவளுக்குப் பரீட்சை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம், சொட்டு மருந்தை மட்டும் விடாமல் போடச் சொல்.

சரி, உன் புலம்பலுக்கு வருகிறேன். 2023 அமெரிக்க பேஸ்பால் சீசனில் உங்கள் ஊர் அட்லாண்டா பிரேவ்ஸ் 104 ஆட்டம் ஜெயித்துவிட்டு, நாக்-அவுட் சுற்றில் 90 ஜெயித்த பிலடெல்பியாவிடம் ஒரே வாரத்தில் தோற்று வெளியேறியதை இன்னும் நீ மறக்கவில்லை. அந்த வருஷம் பால்டிமோர் 101, டாட்ஜர்ஸ் 100, அவர்களும் இறங்கிய முதல் சுற்றிலேயே காலி. கடைசியில் மோதியது டெக்சஸும் 84 மட்டுமே ஜெயித்த அரிசோனாவும், இரண்டுமே வைல்ட் கார்டு, அதாவது தங்கள் பிரிவில் முதலிடம் பிடிக்காமல் வெற்றிக் கணக்கை வைத்து உள்ளே வந்தவர்கள். முதலிடம் பிடித்தவர்கள் மட்டும் ஆடிய பழைய முறையே மேல் என்கிறாய். பழைய முறை யாரை என்ன பாடு படுத்தியது என்று சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் கட்சிக்காரனான என்னிடம் கேள்.

1903இல் நேஷனல் லீக்கின் பிட்ஸ்பர்க்கும் அமெரிக்கன் லீக்கின் பாஸ்டனும் தங்களுக்குள் பேசி வைத்து ஆடியதுதான் இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் முதலாவது, பாஸ்டன் 5-3 என்று ஜெயித்தது. மறுவருஷம், அப்போது நியூயார்க்கில் இருந்த, நேஷனல் லீக்கைச் சேர்ந்த எங்கள் ஜயன்ட்ஸ், அமெரிக்கன் லீக்கெல்லாம் ஒரு லீக்கா என்று முறுக்கிக்கொண்டு ஆட மறுத்ததால் சீரிஸே நடக்கவில்லை (அந்தத் திமிர் எங்களுக்குப் பரம்பரைச் சொத்து). அப்புறம் 1968 வரைக்கும் இரண்டு லீக்கிலும் முதலிடம் பிடித்தவர்கள் நேரே இறுதிக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. 1969இல் ஒவ்வொரு லீக்கையும் கிழக்கு, மேற்கு என்று பிரித்து, அந்தப் பிரிவுகளில் முதலிடம் பிடித்தவர்கள் மட்டும் மோத நடுவில் ஒரு சுற்று சேர்த்தார்கள். கிழக்கே இருக்கும் அட்லாண்டாவை மேற்கிலும், அதற்கும் மேற்கே இருக்கும் சிகாகோ கப்ஸைக் கிழக்கிலும் போட்ட புண்ணியவான் எந்த மேப்பைப் பார்த்தாரோ!

அதன் பலன் 1993. கடைசி நாளன்று மேற்குப் பிரிவில் பிரேவ்ஸும் ஜயன்ட்ஸும் ஆளுக்கு 103 வெற்றியோடு சமமாக நிற்கிறார்கள். உங்கள் ஆட்கள் கொலராடோவைத் தோற்கடித்துவிட்டார்கள், அந்த வருஷம் அதோடு ஆடிய 13 ஆட்டத்தையும் ஜெயித்த புண்ணியம் வேறு. எங்கள் ஆட்கள் லாஸ் ஏஞ்சலஸில், ஜென்ம விரோதி டாட்ஜர்ஸின் மைதானத்தில். அந்த நாளில் பந்து வீச அனுப்பியது சாலமன் டாரஸ் என்ற 21 வயதுப் புதுப் பையனை. டாட்ஜர்ஸின் பியாட்சா இரண்டு ஹோம் ரன் அடித்தார், 12-1, கதை முடிந்தது. 103 ஜெயித்த அணி டிவி பார்க்க, கிழக்கில் 97 ஜெயித்த பிலடெல்பியா உள்ளே போயிற்று. உன் 104க்கு ஒரு தொடராவது கிடைத்ததே, எங்கள் 103க்கு அதுகூட இல்லை.

வைல்ட் கார்டு வந்தது அதற்குப் பிறகுதான். 1994லேயே தொடங்கியிருக்க வேண்டியது, வீரர்களின் ஸ்டிரைக்கில் அந்த வருஷம் வேர்ல்ட் சீரிஸே ரத்தானது. உலகப் போர் நடந்தபோதுகூட நிற்காத சீரிஸ் அது. வைல்ட் கார்டு முதல்முறை நடைமுறைக்கு வந்தது 1995இல், 2022 முதல் மொத்தம் 12 அணிகள் உள்ளே வருகின்றன.

இன்னொன்று கேட்கிறேன். 2021இல் நாங்கள் 107, டாட்ஜர்ஸ் 106. உள்ளே வந்த பத்து அணிகளிலேயே குறைவாக, வெறும் 88 ஜெயித்த பிரேவ்ஸ் கோப்பையைத் தூக்கியபோது உன் நியாயம் எங்கே போயிருந்தது? நாங்களும் 2014இல் அதே 88 வெற்றியோடு வைல்ட் கார்டில் நுழைந்து கோப்பை வாங்கியவர்கள்தான், அதனால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் உன் பக்கம். ஐபிஎல்லில் முதல் இரண்டு இடத்துக்காரர்களுக்கு ஒரு தோல்வி மன்னிக்கப்படும். இங்கே ஒவ்வொரு லீக்கிலும் பிரிவு வென்றவர்களில் முதல் இரண்டு அணிகளுக்குக் கிடைப்பது சில நாள் ஓய்வுதான், அதிலேயே பேட்ஸ்மேன்களின் கை ஆறிப்போகிறது என்று புலம்புகிறார்கள். ஓய்வு முடிந்ததும் அவர்கள் ஆடும் அந்த ஐந்து ஆட்டத் தொடரை ஏழாக்கினால் போதும், அரிசோனாவோ வேறு யாரோ அதையும் ஜெயித்தால் அவர்கள் திறமை.

டிசம்பரில் இந்தப் பக்கம் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா? போட்டதும் எழுது, பெயிண்ட் வாசனை அதற்குள் போய்விடும்.

அன்புடன்,
சேகர்