தைப்பூச ராத்திரியில் கூட நின்றவர்களுக்கு

மடத்துக்குளத்துச் சொந்தங்களுக்கு வணக்கம். உதவினவர்களுக்குக் கூட்டம் போட்டுச் சால்வை போர்த்தலாம் என்று சிலர் சொன்னார்கள், அந்தக் காசுக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் இருட்டில் வண்டிக்காரர்களுக்குத் தெரிகிற மாதிரி ஒட்டிவிட இன்னும் நாலு ரோல் மின்னுகிற ஸ்டிக்கர் வாங்கலாமே என்று நான்தான் தடுத்தேன். அதனால் இந்த நன்றி மடலை நானே எழுத வேண்டியதாகிவிட்டது.

போன வருடம் தைப்பூசத்துக்கு முந்தின நாள் விடியக்காலை, உடுமலைப் பக்கமிருந்து பழனிக்கு நடந்து வந்த பெரியவர் ஒருவரைப் பாலத்துப் பக்கம் ஒரு வேன் பின்னாலிருந்து இடித்தது. காவி வேட்டி, தோளில் பை, கும்மிருட்டு. காலில் அடியோடு போயிற்று, முருகன் புண்ணியம். "கேஸ் ஆயிடும், தள்ளி வாங்க" என்று ஆளாளுக்குச் சொல்லியும், 108 வரும்வரை அவர் காலைத் துண்டால் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பால்கார அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. உதவி செய்தவரைப் பெயர் சொல்லச் சொல்லிக்கூடப் போலீஸ் கட்டாயப்படுத்தக் கூடாது, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019லேயே 134ஏ என்று தனிப் பிரிவு சேர்த்துவிட்டார்கள். இதெல்லாம் அண்ணனுக்கு அன்றைக்குத் தெரியாது. தெரியாமலே உட்கார்ந்தாரே, அதுதான் பெரிசு. விபத்தில் அடிபட்டவர்களுக்கான அரசாங்கத்தின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேர வைத்தியத்துக்குப் பெரியவர் வீட்டில் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை.

இந்த வருடம் ரேடியம் ஸ்டிக்கர் கடைத் தம்பி லாரிக்கு ஒட்டுகிற ரோலை வாங்கின விலைக்கே கொடுத்தார். முதல் ராத்திரி நாங்கள் பண்ணின கூத்தையும் சொல்லிவிடுகிறேன். நடந்து வந்த எல்லோருக்கும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தோம், வண்டி வருவதோ முதுகுப் பக்கம்! டீ குடிக்க இறங்கிய பஸ் டிரைவர் ஒருவர்தான் சிரித்துவிட்டு, "தோள்ல மாட்டின பைக்குப் பின்னால ஒட்டுங்க, கணுக்காலுக்கு ஒரு பட்டை சுத்துங்க, லைட்டை டிம் பண்ணினா வெளிச்சம் கீழதான் விழும், கால் ஆடுறது தூரத்துலயே தெரியும்" என்றார். அவர் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டோம். அப்புறம் மகளிர் குழு அக்காமார்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் துணிப் பட்டையில் ஸ்டிக்கரை வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள், வியர்வையில் உரியவே இல்லை.

அன்னதானப் பந்தல்காரர்களுக்கும் கும்பிடு. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பந்தல் இருந்தால் சுக்குக் காபிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை என்று ஜனங்கள் குறுக்கே ஓடுகிறார்கள். எல்லாவற்றையும் நடக்கிற பக்கமே மாற்றச் சொன்னபோது சண்டை வந்தது, ஒருவர் என்னை "நீ யாருய்யா" என்றே கேட்டார். சரி, கடைசியில் மாற்றிக் கொடுத்தாரே. பாரிகேட் பக்கத்தில் மூன்று ராத்திரி நின்ற காவலர்களுக்கும், செத்துக் கிடந்த தெருவிளக்குகளை எரியவைத்த பேரூராட்சி ஊழியர்களுக்கும் நன்றி.

ஒன்றரை ரோல் மிச்சம் இருக்கிறது, என் கடையில்தான் வைத்திருக்கிறேன். விடியக்காலை சைக்கிளில் தோட்டத்துக்குப் போகிறவர்கள் வந்து வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், காசு வேண்டாமுங்க.