ஒப்பமிடுபவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சத்திரசிகிச்சைக்கான சம்மதப் பத்திரம் நோயாளரின் உரிமை என்று தங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரை சரியாகவே எடுத்துரைத்தது. ஆயினும் யாழ்ப்பாணத்தில் எங்கள் பகுதியில் அப்பத்திரத்தில் உண்மையில் ஒப்பமிடுபவர் யார் என்பதை அது தொடவில்லை.

சென்ற ஆண்டு என் மாமியாரின் பித்தப்பையை அகற்றுவதற்கு முன்னர், விடுதித் தாதி பத்திரத்தை நேரே என் மைத்துனரிடம் நீட்டினார். அவர் அதைக் கட்டிலருகே இருந்த அலுமாரியின் மேல் வைத்து, வாசியாமலே ஒப்பமிட்டார். முடிவோ ரொரன்ரோவிலுள்ள மூத்த மகனுடன் தொலைபேசியில் முதல்நாளே எடுக்கப்பட்டிருந்தது. எழுபதைக் கடந்தும் தோட்டக் குத்தகையைத் தாமே பார்த்துக்கொள்ளும் மாமியார், "எந்த இடத்தில வெட்டப்போகினம்?" என்று கேட்டபோது, "பயப்படாதேங்கோ அம்மா" என்பதே மறுமொழியாகக் கிடைத்தது.

தெளிந்த புத்தியுள்ள, வயதுவந்த எவருக்கும் தம் உடலில் என்ன செய்யப்படலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை உண்டென 1914இல் நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதியரசர் கார்டோசோ எழுதினார். மயக்கமருந்து கொடுத்துப் பரிசோதிப்பதற்கு மட்டுமே இணங்கியதாகக் கூறிய மேரி ஷ்லோண்டோர்ஃப் என்பவரின் கட்டியை வைத்தியர்கள் வெட்டியகற்றியதே வழக்கு. (அது தரும வைத்தியசாலை, எனவே வைத்தியர்களின் செயலுக்குப் பொறுப்பாகாது என்று கூறப்பட்டதால் அவர் வழக்கில் தோற்றார், அந்த வாசகத்தைப் புகழ்வோர் இதைச் சொல்வது குறைவு.) சம்மதம் பற்றிப் பேசுகையில் எடுத்துக்காட்டப்படும் 1947இன் நூரம்பேர்க் நெறிகளும் 1964இன் ஹெல்சிங்கிப் பிரகடனமும் மனிதர்மீது நடத்தும் மருத்துவ ஆராய்ச்சி பற்றியவை. அன்றாடச் சிகிச்சைக்கு மிக நெருக்கமானது பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் 2015ஆம் ஆண்டு மொன்ற்கொமெரி தீர்ப்பு. நீரிழிவுள்ள, சிறிய உடலமைப்புக் கொண்ட தாயொருவருக்குப் பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கும் அபாயம் 9 முதல் 10 வீதம் வரை இருந்தும், அறிந்தால் சத்திரசிகிச்சைப் பிரசவத்தைக் கேட்பார் என்று கருதி வைத்தியர் அதைச் சொல்லவில்லை. குழந்தை மூளைப் பாதிப்புடன் பிறந்தது. எதைச் சொல்வது என்பதை வைத்தியர்களின் வழமையைக் கொண்டு அல்லாமல், அந்நோயாளரின் நிலையிலுள்ளவர் எதை முக்கியமாகக் கருதுவார் என்பதைக் கொண்டே அளக்கவேண்டும் என நீதிமன்றம் விதித்தது.

கிளினிக்கில் நிரம்பிவழியும் கூட்டத்தில் வைத்தியர்களுக்கு நேரமில்லை என்பதை நான் மறுக்கவில்லை. "அவவுக்குச் சொல்லாதேங்கோ" என்று வாசலிலேயே அவர்களை மறிப்பவர்களும் நாங்களே. தாதியரைவிட எங்கள் மீதே குறை அதிகம். ஆனால் சொன்னால் விளங்காது என்ற சாட்டு இங்கு செல்லாது. 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் ஆங்கில மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண் இது.

சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் மாலை, வெட்டப்போகும் வைத்தியரோ அவரது குழுவில் ஒருவரோ நோயாளரின் கட்டிலருகே அமர்ந்து, செய்யப்போவதையும், வரக்கூடிய சிக்கல்களையும், செய்யாவிட்டால் நேரக்கூடியதையும் தமிழில் விளக்கி, பத்திரத்தை நோயாளரின் கையிலேயே கொடுக்கவேண்டும் என வைத்தியசாலைப் பணிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சுயநினைவோடு இருப்பவரின் பிள்ளைகள் விரும்பினால் சாட்சியாக ஒப்பமிடட்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
சுன்னாகம்.