பச்சை உடம்புக்காரியின் காலையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரசவம் என்றால் நம் வீடுகளில் ரத்தப்போக்குக்குத்தான் பயப்படுவார்கள். ரத்தம் உள்ளேயே உறைந்துபோகும் ஆபத்தை யாரும் பேசுவதில்லை. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடக் கூடாது என்று கர்ப்ப காலத்திலேயே ரத்தம் சீக்கிரம் உறையும்படி உடம்பு மாறிக்கொள்கிறது, அதுவே காலில் கட்டியாகி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. குழந்தை பிறந்துவிட்டது, இனி பயமில்லை என்று நினைக்கிறோம் பாருங்கள், முதல் ஆறு வாரம்தான் ரொம்ப மோசம். சிசேரியன் என்றால் இன்னும் கூடுதல். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு.

என் நாத்தனாருக்குக் கால் வீங்கியபோது "நீர் கோத்திருக்கு, சரியாயிடும்" என்றுதான் எல்லோரும் சொன்னோம். ஆனால் இடது கால் கொலுசு மட்டும் சதையில் பதிந்து கிடந்தது, வலது கொலுசு லொடலொடவென்று ஆடியது. ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் தொடை வரை ரத்தக் கட்டி. கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் இடது காலில்தான் வருமாம், இடுப்புக்குள் வலது காலுக்குப் போகும் தமனி இடது காலிலிருந்து ரத்தம் திரும்பும் சிரையைக் குறுக்கே அழுத்துவதால். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசி போட்டார்கள். தாய்ப்பால் கொடுக்க அதனால் ஒரு தடையும் இல்லை (இதை மாமியாருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது).

அப்புறம் இந்தப் பத்தியம். பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு போடும், எழுந்து நடக்கக் கூடாது என்று படுக்கவைப்பது ரத்தம் உறைவதற்கு நாமே வழி செய்து கொடுப்பதுதான். மூளையின் சிரையில் உறைந்தால் விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு வரும். காத்து கருப்பு என்று திருநீறு பூசிக்கொண்டிருக்க அது நேரமில்லை.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கே 2017-இல் சிசேரியனுக்கு மறுநாள் மூச்சு முட்டியது. முன்பே ரத்தக் கட்டி வந்தவர் என்பதால் அவரே ஸ்கேன் எடுங்கள் என்று கேட்க, வலி மருந்தில் ஏதோ உளறுகிறார் என்று நர்ஸ் நினைத்தாராம். அவருக்கே அப்படியென்றால் நம்மூர்ப் பெண் சொன்னால் யார் கேட்பார்கள்?

டிஸ்சார்ஜ் தாளில் தடுப்பூசித் தேதி எழுதுகிறார்கள். ஒற்றைக் கால் வீக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, விடாத தலைவலி வந்தால் உடனே வாருங்கள் என்று அதிலேயே தமிழில் ஒரு வரி சேர்க்கலாமே. குழந்தையை எடை பார்க்க வீட்டுக்கு வரும் செவிலியரும் தாயின் இரண்டு காலையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகட்டும்.

வாசகி, விருதுநகர்