டிரான்சிஸ்டரைத் திருப்பிப் பார்த்த பெண்

ஊட்டி
ஜூன் 16

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. கேட்டிருந்த விஷயம் பெரியது என்பதால் நிதானமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. துணி காய மூன்று நாள் ஆகிறது. உன் தங்கைக்கு முழங்கால் வலி பரவாயில்லை, கேத்தி வரை நடந்து போய்வருகிறாள்.

மகள் பிளஸ் டூ வந்துவிட்டாள், இயற்பியல் படிக்கவேண்டும் என்கிறாள், உறவினர் எல்லோரும் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் என்கிறார்கள், நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டிருக்கிறாய். மே மாதம் அவள் இங்கே வந்திருந்தபோது நடந்ததை முதலில் சொல்கிறேன். அது உனக்குத் தெரியாது.

என்னுடைய பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஓடாமல் கிடந்தது. அதைத் திண்ணையில் வைத்துக் கழற்றினாள். ஒவ்வொரு திருகாணியையும் எந்த இடத்தில் எடுத்தாளோ அந்த வரிசையிலேயே செய்தித்தாளின் மேல் அடுக்கினாள். பேட்டரி முனையில் பச்சைப் பூத்திருந்ததைச் சுரண்டினாள், கோவை நிலையம் பேசியது. அதோடு விடவில்லை. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லத் திரும்பினாள். ஒரு பக்கம் திரும்பியபோது குரல் தேய்ந்தது. இன்னும் திரும்பியபோது மீண்டும் வந்தது. "மாமா, இது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். உள்ளே கம்பி சுற்றிய கறுப்புத் தண்டு இருக்கிறதே, அதுதான் ஆண்டெனா, அதற்குத் திசை உண்டு என்றேன். முப்பது ஆண்டு இயற்பியல் நடத்தினேன். இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்ட பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மறுநாளே ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள முத்தோரைக்கு அழைத்துப் போனேன். நாம் கல்லூரி நாட்களில் மலைச்சரிவில் பார்த்து வியந்த அதே ரேடியோ தொலைநோக்கிதான், வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை வாங்குவது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970 முதல் இயங்குகிறது. ஏன் சரிவில் கட்டினார்கள் என்று கேட்டாள். அந்தச் சரிவு சுமார் 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும், வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். இதை யோசித்த கோவிந்த் ஸ்வரூப் அலகாபாத்தில் இயற்பியல் படித்தவர். ஆனால் எஃகுச் சட்டங்களை நிறுத்தவும், அவற்றின் மேல் ஆயிரத்துக்கும் அதிகமான மெல்லிய கம்பிகளை இழுத்துக் கட்டவும், அலைவாங்கிகளைச் செய்யவும் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது. இரண்டு படிப்பும் அந்த மலையில் ஒன்றாக நிற்கின்றன. அறிவியலா இன்ஜினீயரிங்கா என்ற உன் கேள்வியை அங்கே வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

ஆகவே என் கருத்து இது. ஐசர் என்னும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு இருக்கிறது. திருவனந்தபுரத்திலும் திருப்பதியிலும் இருப்பவை நமக்குப் பக்கம். அதற்கு ஐ.ஏ.டி. என்று தனித் தேர்வு, விண்ணப்பமும் தனி. பள்ளியில் யாரும் நினைவூட்டமாட்டார்கள், நீதான் கவனமாக இருக்கவேண்டும். முதல் விருப்பம் அதுவாக இருக்கட்டும்.

கிடைக்காவிட்டால் தமிழ்நாடு அரசின் இன்ஜினீயரிங் கலந்தாய்வில் எலக்ட்ரானிக்ஸ். நுழைவுத் தேர்வு கிடையாது; கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். அவள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படிப்பதால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு, அந்த இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். பி.இ. முடித்தவர்களை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுக்கும் வானியல் நிறுவனங்கள் இருக்கின்றன, அந்த வழி அடைபடாது. பி.எஸ்சி. இயற்பியலே எடுத்தாலும் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். நம்மிடம் அன்று இதை ஒருவரும் சொல்லவில்லை. பி.எட்., இல்லாவிட்டால் வங்கித் தேர்வு, இரண்டே பாதை என்று நினைத்திருந்தோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கம்ப்யூட்டர் படிப்பைக் குறை சொல்லவில்லை. என் மூத்தவனுக்கு அதில் விருப்பமா என்று கேட்காமலே ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்தேன். ஆய்வகம் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது என்று மூன்றாம் ஆண்டில்தான் சொன்னான். நான்கு ஆண்டும் அவன் முகம் வாடியே இருந்தது. எந்தக் கல்லூரியையும் விருப்பப் பட்டியலில் எழுதுவதற்கு முன்பு நேரில் போய் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல். படிக்கும் பிள்ளைகளிடம், கடைசியாக எப்போது கருவியைத் தொட்டீர்கள் என்று கேள். நான் அன்று கேட்கத் தவறியது அது.

காலாண்டு விடுமுறையில் அவளை அழைத்துக்கொண்டு வா. பஸ்ஸில் வந்தால் இ-பாஸ் வேண்டியதில்லை. டிரான்சிஸ்டரின் ஒலிபெருக்கி கரகரக்கிறது, திருப்பூரில் இரண்டரை அங்குலத்தில் புதியது கிடைத்தால் வாங்கி வரச் சொல். அவளே மாட்டட்டும், நான் தொடாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்