நான்கு மணிக்குப் பிறகு வெனிஸ்: ஐரோப்பியச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் அலுவலகம் வைத்து, கோடை விடுமுறைதோறும் தமிழ்க் குடும்பங்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்லும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவருடைய குழுவோடு என் அம்மாவை அழைத்துக்கொண்டு வெனிஸ் சென்று வந்தவன் நான். எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப்போவதில்லை. திரும்பி வந்தபின் நான்கைந்து நிறுவனங்களின் பயணத் திட்டங்களை வாங்கி வைத்துப் பார்த்தேன். வெனிஸ் என்ற நாளுக்கு எதிரே எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வரிகள்தான் இருந்தன. ஆகவே இது ஒருவர் மீதான புகார் இல்லை. உங்கள் எல்லோரிடமும் வைக்கும் ஒரு கோரிக்கை.

அன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலை 10.45 மணிக்கு டிரொன்கெட்டோ என்னும் பேருந்து நிறுத்தத் தீவில் இறங்கினோம். அங்கிருந்து தனிப்படகில் சான் மார்க்கோ கரைக்கு வந்து சேர்ந்தபோது, அதே கரையில் எங்களைப் போல இன்னும் பத்துப் பதினைந்து குழுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. முதலில் ஒரு கண்ணாடிப் பட்டறைக்கு அழைத்துப் போனார்கள். உலையிலிருந்து எடுத்த பிழம்பை ஒருவர் இடுக்கியால் இழுத்து இரண்டே நிமிடத்தில் குதிரையாக்கிக் காட்டினார்; அது உண்மையிலேயே அழகு. அதற்குப் பிறகு மாடியில் உள்ள விற்பனைக் கூடத்தில் நாற்பது நிமிடம் போயிற்று. சான் மார்க்கோ பேராலயத்தை வெளியே நின்று படம் பிடித்துக்கொண்டோம். பெருமூச்சுப் பாலத்தைக் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே கைபேசியைத் தூக்கிப் பார்த்தோம். கட்டிக்கொடுத்திருந்த புளியோதரையைப் படிக்கட்டில் உட்கார்ந்து பிரித்தபோது, சீருடையில் இருந்த ஒருவர் வந்து எழுந்திருக்கச் சொன்னார். அங்கே நினைவுச்சின்னங்களின் படிகளில் அமர்ந்து உண்பது அபராதத்துக்குரியது என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. கொண்டோலா என்னும் துடுப்புப் படகில் அரை மணி நேரம். மூன்றரைக்குத் திரும்பும் படகு.

ஏழு மணிக்கு நிலப்பகுதியில் ஓர் இந்திய உணவகத்தில் சாப்பாடு முடிந்து, எட்டு மணிக்கெல்லாம் அங்கேயே மெஸ்ட்ரே என்னும் நகர்ப்பகுதியில் விடுதி அறையில் இருந்தோம். அம்மா சன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, “இன்னும் பளிச்சுனு வெளிச்சமா இருக்கே, அந்த ஊரு இங்கேருந்து எவ்வளவு தூரம்?” என்று கேட்டார். ரயிலில் பத்து நிமிடம் என்று வரவேற்பறைப் பையன் சொன்னான். நாள் முழுவதும் வெயிலில் நின்று கால் வீங்கியிருந்ததால் அம்மாவால் அன்று மறுபடி கிளம்ப முடியவில்லை. அந்தக் கேள்விதான் இந்த மடலை எழுத வைக்கிறது.

வெனிஸ் நகராட்சி 2024 ஏப்ரல் 25 அன்று, பகலில் மட்டும் வந்துபோகும் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு 29 நாள்கள், தலைக்கு 5 யூரோ. 2025இல் 54 நாள்கள். முன்கூட்டியே பதிவு செய்தால் 5, கடைசி நேரத்தில் என்றால் 10 யூரோ. இரண்டு ஆண்டும் அந்த நாள்கள் ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கி ஜூலை வரை, அதாவது நம் பள்ளி விடுமுறையை ஒட்டியே வந்தன. உங்கள் விளம்பரத் தாள்களில் இக்கட்டணம் ‘உள்ளடக்கம்’ என்று அச்சிடப்பட்டிருப்பதைப் பார்க்கிறேன். ஆனால் அது எந்த நேரத்துக்கு வசூலிக்கப்படுகிறது என்பதைத் தயவுசெய்து மறுபடி பாருங்கள்: காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை. நான்கு மணிக்குப் பிறகு நுழைபவரிடம் காசு கேட்பதில்லை. மெஸ்ட்ரேயும் அதே நகராட்சிக்குள் அடங்கியிருப்பதால், அங்கே விடுதியில் தங்குபவர் தங்கல் வரி கட்டிவிடுகிறார் என்று விலக்குப் பெறுகிறார். பதிவு மட்டும் செய்துகொள்ள வேண்டும். எந்த நேரத்தில் நெரிசல் தாங்க முடியவில்லை என்பதை அந்த ஊரே கடிகாரம் வைத்துக் காட்டியிருக்கிறது. நீங்களோ அந்த நேரம் தொடங்கியபின் எங்களைக் கொண்டுவந்து, அது முடியும் தறுவாயில் வெளியேற்றுகிறீர்கள்.

ஜூன் மாதத்தில் வெனிஸில் சூரியன் மறைய ஏறக்குறைய இரவு ஒன்பது மணி ஆகிறது. மே மாதக் கடைசியிலும் எட்டரைக்கு மேல்தான். அதாவது நான்கு மணிக்குப் பிறகும் அந்த ஊருக்கு நாலரை, ஐந்து மணி நேர வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. நீங்கள் எங்களுக்குக் கொடுத்ததைக் காட்டிலும் அது கூடுதல் நேரம்.

தங்கை மிலானில் வேலைக்குச் சேர்ந்ததால் மறு ஆண்டு அம்மாவோடு மறுபடி போக வாய்த்தது. மெஸ்ட்ரேயில் அதே தரத்து விடுதி. இம்முறை நான்கு மணிக்கு மேல் ரயிலேறி சாண்டா லூசியா நிலையத்தில் இறங்கினோம். நிலையத்து வாசலைத் தாண்டினால் நேர் எதிரே, ஊரின் நடுவே ஓடும் பெருங்கால்வாய். அங்கேயே முதலாம் எண் நீர்ப் பேருந்தில் ஏறி, முன்பக்கத்துத் திறந்த இருக்கையில் அம்மாவை உட்கார வைத்தேன். அந்தப் படகு கால்வாயின் இரு கரைகளிலும் மாறி மாறி நின்று நின்று, முக்கால் மணி நேரத்தில் சான் மார்க்கோவுக்குப் போகிறது. ஒரு சீட்டு ஒன்பதரை யூரோ, 24 மணி நேரச் சீட்டு 25. நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அந்தக் கால்வாயில் நான்கே பாலங்கள். ஊருக்குள்ளே சிறு கால்வாய்களின் மேல் நானூறுக்கும் மேல், அநேகமாக எல்லாமே படிகள் உள்ளவை. மூட்டுவலிக்காரர்களை அந்தப் படிகளில் ஏற்றி இறக்கிக் கொடி பிடித்து நடத்துவதை விட, இந்த ஒரு படகுப் பயணம் நூறு மடங்கு மேல். குழுவாக வந்த அன்று டிரொன்கெட்டோவிலிருந்து எங்களைக் கொண்டுவந்த தனிப்படகு பெருங்கால்வாய்க்குள் நுழையவே இல்லை. ஜுதெக்கா கால்வாய் வழியாகச் சுற்றி வந்துவிட்டது. வெனிஸுக்குப் போய்ப் பெருங்கால்வாயைப் பார்க்காமல் திரும்பியவர்கள் நாங்கள் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

கொண்டோலா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நகராட்சி நிர்ணயித்த பகல் கட்டணம் அரை மணிக்கு 90 யூரோ, படகுக்கு ஐந்து பேர் வரை. அதைக் கொடுக்கிறவருக்கு அந்தப் படகைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அதன் இடப்பக்கம் வலப்பக்கத்தைக் காட்டிலும் 24 செ.மீ. அகலம். ஒற்றைத் துடுப்பை வலப்பக்கம் மட்டுமே போட்டுத் தள்ளும்போது படகு வட்டமடித்துவிடாமல் நேராகப் போவதற்காக அதைக் கோணலாகவே கட்டுகிறார்கள். நாங்கள் ஏறிய படகில் அந்த அரை மணியும் அவரவர் எடுத்த படத்தை அவரவரே பார்ப்பதில் கழிந்தது. 90 யூரோ கொடுக்க மனமில்லாதவருக்கு, ரியால்டோ மீன் சந்தைக்கு எதிரே சாண்டா சோஃபியா துறையில் டிராகெட்டோ என்னும் அக்கரைப் படகு இருக்கிறது. அதுவும் கொண்டோலா வகைதான். இரண்டு யூரோ கொடுத்து உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து கால்வாயைக் கடக்கலாம்.

அன்று மாலை அம்மா அதிக நேரம் நின்றது எந்தப் புகழ்பெற்ற இடத்திலும் அல்ல. பெயர் கூடப் பார்க்காமல் நுழைந்த ஒரு சிறு சதுக்கத்துக் கிணற்றங்கரையில். இடுப்புயரத்துக்கு ஒரே கல்லில் குடைந்த கிணற்று வாய், மேலே இரும்பு மூடி, கைப்பிடிச் சுவரின் விளிம்பில் கயிறு தேய்த்த பள்ளங்கள். உப்பு நீர் சூழ்ந்த அந்த ஊருக்கு 1884இல் நிலப்பகுதியிலிருந்து குழாய் நீர் வரும்வரை குடிக்கத் தண்ணீர் கொடுத்தவை இவை. ஆனால் இவை ஊற்றுக் கிணறுகள் அல்ல. சதுக்கத்தையே ஆழமாகத் தோண்டி, உப்பு நீர் கசியாமல் களிமண் பூசி, மணல் நிரப்பி, நடுவில் செங்கல் உறை இறக்கியிருக்கிறார்கள். தரையில் ஆங்காங்கே உள்ள துளைக் கற்களின் வழியாக மழைநீர் இறங்கி, மணலில் வடிந்து, உறைக்குள் ஊறுகிறது. வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டச் சொல்லிச் சட்டம் போட்ட ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இதைவிடச் சட்டென்று விளங்கக்கூடிய காட்சி வெனிஸில் வேறு இல்லை. தரையில் அந்தத் துளைக் கற்கள் எங்கே இருக்கின்றன என்று அம்மா தேடித் தேடிக் காட்டினார். எங்கள் குழு பத்துப் பதினைந்து கிணறுகளையாவது கடந்திருக்கும். வழிகாட்டி ஒன்றைக்கூடச் சுட்டிக்காட்டவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழுவாகப் போன அன்று எங்கள் பேருந்தில் தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பதியர் வந்திருந்தார்கள். தாமிரபரணிக் கழிமுகத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றியும் அங்கே குதிரைகளோடு வந்திறங்கிய கப்பல்களைப் பற்றியும் 13ஆம் நூற்றாண்டில் சொல்லிவைத்த மார்க்கோ போலோ வெனிஸ்காரர். அவர் குடும்பத்தின் வீடு இருந்த இடம் ரியால்டோ பாலத்திலிருந்து நாலு நிமிட நடை. வீடு இப்போது இல்லை, அந்த இடத்தில் ஒரு நாடக அரங்கம் நிற்கிறது. பின்னாலுள்ள இரண்டு சிறு முற்றங்கள் இன்றும் ‘மிலியோன்’ என்ற அவருடைய பட்டப்பெயரால்தான் அழைக்கப்படுகின்றன. காயல் பக்கத்துக்காரர்களை அந்த முற்றத்துக்கு அழைத்துப் போகாமல், கண்ணாடிக் கடையில் நாற்பது நிமிடம் உட்கார வைத்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கண்ணாடியைப் பற்றியும் ஒளிக்காமல் பேசிவிடலாம். தீ விபத்துக்குப் பயந்து 1291இல் உலைகளையெல்லாம் முரானோ தீவுக்கு மாற்றியதிலிருந்து அத்தொழில் அங்கேதான். முரானோ கண்ணாடிக்கென்று அதிகாரபூர்வ முத்திரை ஒன்று இருக்கிறது. வாங்குகிறவர் அதைக் கேட்டு வாங்கலாம் என்று நீங்கள் முன்கூட்டியே சொன்னால் உங்கள் பெயர்தான் உயரும். விற்பனையில் உங்களுக்குப் பங்கு வருகிறது என்றால் அதில் தவறில்லை, தொழில் என்றால் அப்படித்தான். ஆனால் ஊரில் கிடைக்கும் சில மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை அது தின்னக்கூடாது.

உங்கள் தரப்பு நியாயங்கள் எனக்குத் தெரியாமலில்லை. பேருந்து ஓட்டுநருக்கு ஐரோப்பியச் சட்டப்படி நாள்தோறும் வழக்கமாகப் பதினோரு மணி நேரம் தொடர் ஓய்வு கொடுக்க வேண்டும். காலையில் எடுத்த வண்டியை இரவு பத்து மணிக்கு நிறுத்த முடியாது. ஊருக்குள் விடுதி வாடகை கட்டுபடியாகாது, பெட்டிகளைப் பாலப் படிகளில் தூக்கிச் செல்லவும் முடியாது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன்: தங்குவது மெஸ்ட்ரேயிலேயே இருக்கட்டும். விடுதியில் எங்களை இறக்கிவிட்டதோடு பேருந்தின் வேலை முடியட்டும். அங்கிருந்து ரயில் இருக்கிறது, டிராம் இருக்கிறது. இரவு பதினோரு மணிக்கும் திரும்பி வர ரயில் உண்டு. 2024 முதல் ஒரு வழிகாட்டியின் கீழ் 25 பேருக்கு மேல் நடக்கக்கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்பதால், 45 பேரை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். பிரித்த குழுவை ரயிலில் ஏற்றுவது அவ்வளவு கடினம் அல்ல.

பகலில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பதுவை அந்தோணியார் என்று நம்மூரில் எந்த மதத்தவரும் அறிந்த புனிதரின் பேராலயம் நாற்பது கிலோமீட்டர் தொலைவில், பதுவா நகரில் இருக்கிறது. ரோமிலிருந்தோ ஃபிளாரன்ஸிலிருந்தோ வரும் உங்கள் பேருந்து அதன் ஓரமாகத்தான் போகிறது. காலையை அங்கே கழித்து, மதியச் சாப்பாட்டையும் முடித்து, அறையில் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுத்துவிட்டு நான்கு மணிக்குக் கிளம்பலாம். சான் மார்க்கோ பேராலயத்தின் உள்ளே பொன் பதித்த சுவர்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் மறுநாள் காலை ஒன்பதரைக்கு முன்சீட்டு எடுத்துக் கொடுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதையும் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு பற்றிய கவலை நியாயமானது. ஏழு மணிக்குச் சாம்பார் இல்லையென்றால் முணுமுணுக்கிறவர்கள் எங்களில் உண்டு. ஒரு நாள் இரவு பொட்டலம் கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பொட்டலத்தைப் படிக்கட்டில் பிரிக்கக்கூடாது, சிறு சதுக்கத்து இருக்கையில் பிரிக்கலாம் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். தண்ணீர்ப் புட்டி வாங்க வேண்டிய தேவையும் இல்லை. ஊர் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன.

ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் சான் பார்த்தலமேயோ சதுக்கத்து மருந்துக்கடை ஒன்றின் கண்ணாடிச் சாளரத்தில் ஓர் எண் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. தீவு நகரத்தில் இன்னும் குடியிருப்பவர்களின் எண்ணிக்கை அது. 1951இல் ஏறக்குறைய 1,75,000 பேர் இருந்த ஊர்; 2022இல் 50,000க்குக் கீழே போய்விட்டது. பகல் கூட்டத்துக்கு நடுவே அந்தக் குடிகளைப் பார்க்கவே முடியாது. ஆறு மணிக்கு மேல் கன்னரெஜியோ பகுதிக்குள் நடந்தால், 1516இல் யூதர்களை அடைத்து இரவில் கதவு பூட்டிய பழைய சதுக்கத்தில், பக்கவாட்டில் விரிய இடமில்லாமல் ஏழெட்டு மாடிக்கு உயர்ந்து நிற்கும் வீடுகளின் கீழே, பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். குழுவாக வந்த அன்று, “இங்க யாராச்சும் குடியிருக்காங்களா, இல்ல எல்லாம் கடைதானா?” என்று அம்மா வழிகாட்டியிடம் கேட்டிருந்தார். அப்போது கிடைக்காத பதில் அங்கே கிடைத்தது. பந்து அம்மாவின் காலடிக்கு உருண்டு வந்தபோது எடுத்து வீசியும் கொடுத்தார்.

அடுத்த கோடைக்கான பயணத் திட்டத்தை இந்த மாதங்களில்தான் அச்சுக்குக் கொடுப்பீர்கள். வெனிஸ் நாளுக்கு எதிரே இறங்கும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் மணியோடு போடுங்கள் என்பது என் முதல் கோரிக்கை. குழுக்களில் ஒன்றையாவது நான்கு மணிக்குப் பிறகு அழைத்துப் போய்ப் பாருங்கள் என்பது இரண்டாவது. வந்தவர்கள் சொல்வதைக் கேட்டு மற்றக் குழுக்களை என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
அம்மாவோடு இரண்டு முறை வெனிஸ் போய் வந்த ஒரு பயணி